பேருந்து முதுகில் சிரித்தவள்

அத்தியாயம் 11

கீழே தையல் மெஷின் ஓடவில்லை.

இந்த வீட்டில் அது லேசான விஷயமில்லை. ஒரு நாள் பால் வராமல் போகலாம், குழாயில் தண்ணீர் வராமல் போகலாம். பெரியவளின் மெஷின் மட்டும் காலை வெயில் ஜன்னலுக்கு வருவதற்குள் கடகடவென்று ஆரம்பித்துவிடும். மாடியில் குடியிருக்கும் சின்னவளுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் கை வேலையில் பதியும்.

இன்று சத்தமே இல்லை. சின்னவள் துடைத்த கேமரா லென்ஸையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஏதோ குறுகுறுவென்றது. குறுகுறுக்கக் காரணமும் இருந்தது.

போன வாரம் அவள் செய்த காரியம்தான் தெரியுமே! ஊரிலேயே பெரிய துணிக்கடையில், தான் எடுத்த படத்தை நைட்டி உறையின் மேல் அச்சாகப் பார்த்தாள். அங்கேயே நின்று கொதித்தாள். வீட்டுக்கு வந்ததும் கடைக்கு ஒரு பில் அனுப்பினாள். 'எங்கள் மொட்டை மாடியில் விளையாட்டாக எடுத்த படம்தான். ஆனால் நீங்கள் அதை வைத்து வியாபாரம் செய்கிறீர்கள், அதற்குக் கட்டணம் இது' என்று நறுக்கென்று நாலு வரி. பெரிய கடைதானே என்று தொகையையும் தாராளமாகவே போட்டிருந்தாள்.

விளையாட்டு என்றால் உண்மையிலேயே விளையாட்டுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பெண்களும் மொட்டை மாடிக்குப் போவார்கள். மூத்த மருமகளான பெரியவள் புதிதாகத் தைத்ததைக் கொண்டுவருவாள். இளைய மருமகளான சின்னவள் கேமராவைக் கொண்டுவருவாள். இருவருக்கும் ஒரே நாத்தனாரான சிட்டு தன்னைக் கொண்டுவருவாள். தைத்ததை அவள் போட்டுக்கொண்டு நிற்க, சின்னவள் எடுப்பாள். பெரியவளுக்குத் துணியைக் காட்டப் படம் கிடைக்கும், சின்னவளுக்குத் தொழிலைக் காட்டப் படம் கிடைக்கும், சிட்டுவுக்குச் சிரிக்க ஒரு மதியம் கிடைக்கும்.

"மூணு பேருக்கும் படம், ஒருத்தருக்கும் காசு கிடையாது" என்று அன்றைக்கே சொன்னவள் சிட்டு. பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் போட்ட கணக்கு தப்பாகாது என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

பெரியவள் கண்டுபிடித்த 'பாக்கெட் வைத்த நைட்டி' அப்படித்தான் படமானது. வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நின்றவன் சின்னவளின் கணவன். காற்று அட்டையோடு சேர்த்து அவனையும் தண்ணீர்த் தொட்டியில் கொண்டு போய் மோத, சிட்டு இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நொடியில் எடுத்ததுதான் அந்தப் படம்.

கடைக்காரர்கள் அதைப் பெரியவளின் இணையப் பக்கத்திலிருந்து சுட்டுவிட்டார்கள் என்றே சின்னவள் நினைத்தாள். அந்தக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பதே பெரியவள்தான். கீழே இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்துப் படி இறங்கச் சோம்பேறித்தனமா, கோபமா, என்னவோ, கேட்கவில்லை.

பெரியவள் படியேறி வந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. கையில் போன்.

"கடைக்கு பில் அனுப்புனியாடி?"

"ஆமாக்கா. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எனக்கு வந்துடுச்சு."

"என்னது?"

"நீ அனுப்புன பில்தான். கடைக்காரங்க அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டுட்டாங்க. அடுத்த சரக்குக்கு வர்ற பணத்துல கழிச்சுக்கறாங்களாம்."

சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படத்தைத் திருடுனது அவங்க. உங்களுக்கு எதுக்குக்கா பில் வருது?"

"யாரும் திருடலை. நான்தான் கொடுத்தேன்."

பெரியவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஆர்டர் பேசும்போது, படம் யாருதுன்னு கேட்டாங்க. எங்களுதுதான்னேன். வேற என்ன சொல்லணும்? மாடி நம்மளுது. நைட்டி நான் தைச்சது. நிக்கறவ நம்ம வீட்டுப் பொண்ணு. எடுத்தவ நீ. இதுல வெளியாள் யாருடி இருக்கா? பொய்யா சொன்னேன்?"

"கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன். படத்தால ஏதாவது பிரச்சினை வந்தா நான் பார்த்துக்கறேன்னு. நம்ம படத்தால நமக்கு என்ன பிரச்சினை வரப்போகுது? நீ பில் போடுவேன்னு நான் கனவா கண்டேன்?"

 கீழே கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கும், துணி ஓரம் அடிக்கும் இரண்டு ஓவர்லாக் மெஷின்கள் சின்னவளின் நினைவுக்கு வந்தன. இந்த ஆர்டரை நம்பிக் கடனில் வாங்கியவை. ஓட்டுவதற்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் இந்தப் பணத்தில்தான். பெரிய கடைக்கு வலிக்க வேண்டும் என்று அவள் போட்ட தொகை அலுங்காமல் கீழ்வீட்டு மேசைமேல் வந்து விழுந்திருந்தது.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்க்கா."

"வாங்கு. இன்னிக்கே வாங்கு." பெரியவள் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பாமலே கேட்டாள். "கீழே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்களும் மேலே வந்து கேட்டிருக்கலாமேக்கா" என்று நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் மென்று விழுங்கினாள்.

வீட்டு ஆண்களைக் கேட்கலாம் என்றால் அண்ணனும் தம்பியும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்திருந்தாலும் 'நீங்களே பேசி முடிச்சுக்கோங்க' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல இரண்டு பேர் எதற்கு?

*

பிளாஷ் அண்ணனின் ஸ்டூடியோவில் ஒரு பெரியவர் பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்திருந்தார். பேசும்போது சடசடவென்று கண் சிமிட்டுவதால் பிளாஷ் அண்ணன் என்று பெயர். ஊர்ப் புகைப்படக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கடைக்கு அனுப்பிய பில்லின் நகலைச் சங்கத்துக்கும் அனுப்பியிருந்ததால், வாபஸ் வாங்கப்போவதை அவரிடம் சொல்ல வந்திருந்தாள் சின்னவள்.

"வாபஸா?" என்றார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார். ஏம்மா?"

சின்னவள் சொன்னாள். பெரியவர் தாடையை இறக்கிய மேனிக்கு முழுக் கதையையும் கேட்டார்.

பிளாஷ் அண்ணன் படத்தை எடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ போட்ட பில்லை நம்ம ஆளுங்க அத்தனை பேரும் பார்த்தாங்க. எல்லாருக்கும் இதே கதைதான். சிநேகிதிக்காக எடுத்த படம், தெரிஞ்ச ஓட்டலுக்காக எடுத்த படம், சும்மா சேர்ந்து எடுத்த படம். அப்புறம் பார்த்தா அது கடை போர்டுல தொங்கும். இத்தனை வருஷமா கேட்க வாய் வரலை. நீ கேட்டதும் அவங்களுக்கும் வாய் வந்துடுச்சு. உன் பில்லையே மாதிரியா வச்சு ஆளாளுக்கு அனுப்பியிருக்காங்க."

"யாருக்கெல்லாம்ணே?"

"அந்தக் கடைக்கே நாலஞ்சு பேர்."

 சின்னவள் கையைப் பிசைவதைப் பார்த்து அண்ணன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். பாஸ்போர்ட் பெரியவர் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தார்.

"எனக்கு உன்மேல கோபம் கிடையாதும்மா. வீடுன்னா வீடுதான். ஆனா நீ இப்பப் பின்வாங்குனா, 'முதல்ல கேட்ட அம்மாவே வேண்டாம்னுட்டாங்க, உனக்கு மட்டும் என்ன?'ன்னு கேட்பாங்க. என்கிட்ட பதில் இல்லை." படபடவென்று சிமிட்டினார். "நான் எடுத்த ஒரு கல்யாணப் பொண்ணு படத்தை நகைக்கடைக்காரன் காலண்டர்ல போட்டான். போய்க் கேட்டேன். ரொம்பத் தங்கமான மனுஷன், எனக்கு ஒரு காலண்டர் கொடுத்தான்."

பெரியவர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். சின்னவளால் சிரிக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இப்படி அன்பாகப் பேசினால் எந்தப் பக்கம் ஓடுவது?

*

கடையின் விளம்பர மேலாளர் அறைக்கு ஜன்னல் இல்லை. கண்ணாடிச் சுவர்தான். வெளியே நடப்பவர்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கும் சின்னவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மேலாளர் வயதில் சின்னவர், குரலில் தேன்.

"நீங்க எடுத்த படம் அருமைங்க. அதுல எங்களுக்கு சந்தேகமே இல்லை. இதை மட்டும் ஒரு தடவை கேட்டுடுங்க."

போனை மேசைமேல் வைத்துத் தட்டினார்.

'அக்கா, ஞாயித்துக்கிழமை படமெல்லாம் அனுப்பிட்டேன். எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கோங்க. உங்களுது என்ன, என்னுது என்ன!'

அவளுடைய குரல்தான். கடைசியில் ஒரு சிரிப்பும் இருந்தது. பின்னால் மாடிக் காற்றும், கொடியில் துணி படபடக்கும் சத்தமும் கேட்டன.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்க அக்காதான் காலையில அனுப்பினாங்க. பாவம், பயந்துட்டாங்க போல."

சின்னவளுக்கு அழுகை வந்தது. ஒரு கடைக்காரர் முன்னால் அழுவதைவிட அவமானம் வேறில்லை என்று கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறித்துப் பார்த்தாள். பணம் போனால் போகட்டும். ஆசையாகச் சொன்ன ஒரு பேச்சை எடுத்து இந்த ஆளிடம் கொடுக்க அக்காவுக்கு எப்படி மனசு வந்தது?

மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். "வாபஸ்னு வாயால சொன்னா எங்களுக்குப் போதாதுங்க, எழுத்துல வேணும். இந்தப் படங்கள் எல்லாம் நட்பு முறையில எடுத்தது, கட்டணம் கிடையாது, கடை எப்ப வேணும்னாலும் எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம். இதுல நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"போட்டா அக்காவுக்கு?"

"ஒரு பைசா கழிக்க மாட்டோம்."

"போடலைன்னா?"

"உங்க உழைப்பை மதிச்சு பில்லை முழுசாக் கட்டிடுவோம்." மேலாளர் சிரித்தார். "அக்கா கணக்குல."

"இந்தத் தாளை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"உள்ளதைச் சொல்றேனே. வேற சில படக்காரங்களும் பில் அனுப்பியிருக்காங்க. அவங்களுக்குக் காட்டுவோம்."

மனிதர் பொய்யாவது சொல்லியிருக்கலாம். சின்னவள் நாளைக் காலைவரை டைம் கேட்டாள். மேலாளர் கதவைத் திறந்துவிட்டார். தாள் அவள் பைக்குள் வந்து சேர்ந்தது.

*

திரும்பும்போது சாலை அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் லாரி, பக்கத்தில் பள்ளி வேன், இன்னொரு பக்கம் கட்டடம் கட்டுகிற தகரத் தடுப்பு. ஸ்கூட்டரை ஊர்ந்து ஊர்ந்து நகர்த்தினாள். லாரி வலது பக்கம் ஒதுங்கியது. அதற்கு முன்னால் ஒரு பேருந்து நின்றிருந்தது.

பேருந்தின் முதுகு முழுக்க சிட்டு.

இரண்டு கைகளும் பாக்கெட்டில், தலை பின்னால் சாய்ந்து, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'பாக்கெட்டும் உண்டு, பந்தாவும் உண்டு!'

முதலில் சின்னவளின் கண் வெளிச்சத்தைப் பார்த்தது. கன்னத்தில் விழுந்த வெயில் இத்தனை பெரிதாக்கியும் கெடாமல் இருந்தது. ஓரத்தில் தெர்மாகோல் அட்டையின் நுனியைக்கூட வெட்டாமல் விட்டிருந்தார்கள், முட்டாள்கள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது.

அடுத்த கணம் பக்கத்து வேனிலிருந்து கூச்சல் கிளம்பியது.

"டேய்! கணக்கு மிஸ்டா!"

"எங்கடா?"

"பஸ்ஸுல! நைட்டில!"

வேனே குலுங்கியது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. பின்பக்கம் நகர வழியில்லை, முன்னால் பேருந்து அசையவில்லை. விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையாகும்வரை சின்னவள் தான் எடுத்த சிரிப்பின் முன்னால் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. உறையில் படம் வந்ததைக்கூட சிட்டுவிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு, வீணாகப் பயப்படுவாள் என்று இவள் நினைத்தாள். பெரியவளும் அதையே நினைத்திருப்பாள்.

*

வீட்டில் படிக்கட்டின் நடுவில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே போகவும் முடியாது, கீழே வரவும் முடியாது, அப்படி ஒரு இடம். மடியில் பள்ளிப் பை. விரல் நுனிகளில் சாக்பீஸ் தூள். படிக்குக் கீழே பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சிட்டு..." என்றாள் சின்னவள்.

"ஒன்பதாம் வகுப்புல கரும்பலகையில நைட்டி வரைஞ்சு வச்சிருந்தாங்க சின்ன அண்ணி. பாக்கெட்டோட. பாக்கெட் ரெண்டும் சரியா ஒரே அளவு. நான் சொல்லிக்கொடுத்த சமச்சீர் நல்லாவே மண்டையில ஏறியிருக்கு." சிட்டு சிரிக்க முயன்றாள். வரவில்லை. "அழிச்சுட்டுப் பாடம் எடுத்தேன். சாயங்காலம் தலைமை ஆசிரியை கூப்பிட்டாங்க. அந்த பஸ் ஓடற வரைக்கும் லீவுல இருன்னு சொல்லிட்டாங்க. பஸ் எப்ப நிக்கும்?"

பெரியவள் கழுத்து டேப்பை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. கோபம் பக்கத்தில் இருந்தவள் மேல் திரும்பியது. "நான் ஆசையாச் சொன்னதை அந்த ஆளுக்கு ஏன்கா அனுப்புனீங்க?"

"நீ ஏன்டி பில் அனுப்புனே?"

"கடைக்குத்தானே அனுப்புனேன்!"

"நான் மட்டும் ஊருக்கா அனுப்புனேன்? என் மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயத்துல அனுப்பிட்டேன். அனுப்பினதுல இருந்து ஒரு வாய் தண்ணிகூட இறங்கலை எனக்கு." பெரியவளின் குரல் உடைந்தது.

சிட்டு இரண்டு பேரையும் பேசவிட்டாள். ஆள் மாற்றி ஆள் சொன்னதில் அவளுக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. பில், கையெழுத்து, சங்கத்து ஆட்கள், பைக்குள் இருக்கும் தாள். தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள், விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு.

"இதுல நீங்க கையெழுத்து போட்டா நான் அந்த பஸ் பின்னாடியே இருப்பேன். எப்ப வேணும்னாலும், எங்க வேணும்னாலும். போடலைன்னா பெரிய அண்ணி மெஷினை வித்துடணும். கணக்கு சரியா?"

"சரி" என்றாள் சின்னவள். 

"படம் எடுத்தவங்க நீங்க. துணி தைச்சவங்க பெரிய அண்ணி. நான் சும்மா சிரிச்சேன். சிரிச்சதுக்கு எனக்கு உரிமை ஏதாவது உண்டா இல்லையான்னு கடைக்காரர் கேட்கலையா?"

பெரியவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டாங்க. படத்துல இருக்கறவங்களுக்கும் சம்மதம்தான்னு... அதையும் நான்தான் சொன்னேன். அதுக்கும் சேர்த்துதான் கையெழுத்து போட்டிருக்கேன், சிட்டு."

சிட்டு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்த மேலாளர் நம்பரைக் கொடுங்க. நாளைக்குக் காலையில நான் போய் அவர் முன்னாடி உட்கார்றேன். மூணு பேர்ல ரெண்டு பேரைத்தான் அவருக்குத் தெரியும்."

சின்னவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சிட்டு அங்கே ஒரு வார்த்தை சொன்னால் படம் இறங்கிவிடும். கூடவே பெரியவள் சொன்னது பொய் என்றாகிவிடும். அதற்கப்புறம் ஆர்டரும் இல்லை, மெஷினும் இல்லை. சம்மதம்தான் என்று சொன்னால் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கும், சிட்டு வீட்டிலேயே இருப்பாள். பெரியவளுக்கும் இது புரிந்துவிட்டது என்பது அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. 

சின்னவள்தான் கேட்டாள். "அங்க போய் என்னம்மா சொல்லப்போறே?"

சிட்டு இரண்டு படி இறங்கி அவள் எதிரில் வந்து நின்றாள். பேருந்தின் முதுகில் ஊரையே பார்த்துச் சிரித்த முகம். இவ்வளவு கிட்டத்தில் அதில் சிரிப்பின் சுவடே இல்லை.

"கேட்காமக் கொடுத்தீங்க. கேட்காம பில் போட்டீங்க. இப்ப மட்டும் எதுக்கு அண்ணி கேட்கறீங்க?"